தமிழ் தெரியாத தங்கை

எடப்பாடியை விட்டு நடக்கத் தொடங்கிய மறுநாள், அப்பா முதன்முறையாக அம்மாவிடம் தமிழில் பேசினார். நாங்கள் கழுதை மேல் உப்பேற்றி ஊர் ஊராக விற்ற குறவர்கள். சந்தையில் தமிழ், எங்களுக்குள் எங்கள் பேச்சு. அதற்கு எழுத்து கிடையாது. உப்பு ரயிலில் வரத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. கழுதைகளை விற்றுத் தின்றுவிட்டு, சூரமங்கலம் ரயிலடிக்கு மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

“அந்தப் பேச்சு இனி வேண்டாம் புள்ள. ஆரு காதுலயாவது உழுந்தா, திருட்டுக் கூட்டம்னு ஊடு தரமாட்டாங்க,” என்றார் அப்பா.

அம்மா எங்கள் பேச்சிலேயே பதில் சொன்னாள். பெரியவர்கள் வாயைப் பூட்டிக்கொள்ளலாம், சின்னவளை என்ன செய்வது என்று கேட்டாள். தங்கைக்கு நாலு வயது. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சந்தைப் பக்கமே விடாமல் அம்மா அவளை அப்படி வளர்த்திருந்தாள். முதலில் ஊன்றுவது நம் பேச்சாக இருந்தால்தான் நிற்கும் என்பாள். நானோ சந்தையில் வளர்ந்தவன். கனவுகூடத் தமிழில்தான் வரும்.

சூரமங்கலத்தில் தானிய மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் பின்கட்டில் அறை காட்டினார். குனிந்து தங்கையிடம் பெயர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் முகத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“பேச்சு வராதுங்க மொதலாளி. பொறவி ஊமைங்க.”

அப்பாவுக்கு இருமல் வந்தது. ராவுத்தர் உண்மையாகவே வருந்தினார்.

“கவலப்படாதம்மா. தர்காவுல ஓதி ஒரு கயிறு கட்டுவோம். பேசிரும்.”

கதவைச் சாத்தியதுதான் தாமதம், அந்தத் தாத்தாவின் தாடி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஊமை கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாளை முதல் அறையிலேயே இருந்து தங்கையோடு பேசிக்கொண்டிரு என்று அம்மா என்னிடம் சொன்னாள். ராவுத்தர் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். குழந்தைக்குக் காவலிருக்க மாட்டேன் என்றேன். அப்பா என் பக்கம். அம்மா மறுபடி கேட்கவில்லை.

பிறகு எத்தனையோ ரயிலடிகளில் படுத்து எழுந்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது அந்தப் பேச்சில் பிள்ளையை அதட்டமாட்டார்களா என்று இன்றும் காது தேடுகிறது. தங்கை கேட்டால் பதில் சொல்ல அந்தப் பேச்சுக்கு இன்னொரு வாய் வேண்டும் என்றுதான் அம்மா என்னைக் கேட்டாள். அன்று அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் அம்மா தங்கையின் வாயைப் பொத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போனாள். நான் மண்டியில் சாக்குத் தைக்க உட்கார்ந்தேன்.