திரேசா அக்கா தூண்டில் போட்ட சிற்றாறு

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கடைத்தெருவில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். திரேசா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா." பாதி திறந்த கதவை மறுபடி இழுத்துப் பூட்டினேன்.

எங்கள் சேலைக் கடையின் பின்னறையில் பல ஆண்டுகள் பிளவுஸ் தைத்தவர் அக்கா. அவரிடம் அளவு கொடுத்த பெண்கள் அநேகர். அவர் தூண்டில் போடுவார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னிப் போரில் கணவரை இழந்து, பிறகு மகளோடு இங்கே வந்தவர். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் குடியிருந்தார். ஒரு கோடை மாலை ரயிலில் அயர்ந்து தூங்கி, தன் நிலையத்தைத் தாண்டி வயல்வெளிப் பக்கம் இறங்கிவிட்டார். திரும்பும் ரயில் வரும்வரை நடந்தபோது ஒரு சிற்றாறு தெரிந்தது. கரையில் மொரிஸ் என்ற முதியவர் தண்ணீரில் மிதந்த தக்கையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தார். அடுத்த திங்கள், கடை விடுமுறையன்று, மறுபடி போனார். சில வாரங்களில் மீன்பிடி அனுமதி அட்டையும் எடுத்துவிட்டார்.

அங்கே அகப்படுவது கர்தோன் என்ற சிறு மீன். செட்டை சிவப்பு, உடம்பெல்லாம் முள். மொரிஸ் பிடித்ததையெல்லாம் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்.

"விடுறதுக்கு ஏன் பிடிக்கிறியள் எண்டு கேட்டன். மனுசன் சிரிக்கிறார்" என்று அக்கா கடையில் வந்து சொன்னார். தன் முதல் மீனைக் குழம்பு வைத்து முள்ளோடு மல்லுக்கட்டிய பிறகு அவரும் விடத் தொடங்கினார்.

ஒரு ஓகஸ்ட் மாதம், இடிமழைக்கு மறுநாள், அக்கா கடைக்கு அழைத்தார். குரல் பதறியது.

"தங்கச்சி, ஆத்திலை ஊத்தைத் தண்ணி கலந்திட்டுது. மீனெல்லாம் மேலை வந்து வாயைத் திறக்குது. என்ர பிரெஞ்சு அவங்களுக்கு விளங்கேல்லை. பொம்பியேக்கு நீ எடுத்துச் சொல்லு."

தீயணைப்புப் படையினருக்கு விவரம் சொல்லிவிட்டு நானும் ரயிலேறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பம்பு வைத்து நீரை மேலே பீச்சி, தண்ணீருக்குக் காற்று ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா முழங்காலளவு சேற்றில் நின்று, மூச்சுத் திணறிய மீன்களை வாளியில் அள்ளி, மேற்பக்கத் தெளிந்த நீரில் விட்டுக்கொண்டிருந்தார். மொரிஸ் கரையில் நின்று வாளியைத் தூக்கக் கைகொடுத்தார். நிறைய மீன்கள் செத்தன. நிறையத் தப்பின.

பின்னேரம் புல்லில் அமர்ந்தபடி அக்கா மெல்லச் சொன்னார்: "வன்னியிலை ஆரைக் கூப்பிட்டும் ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்குக் கூப்பிட்ட உடனை வந்திட்டாங்கள், பார்."

தன் கணவரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான் முதல்முறை. பொழுது சாயும்வரை பேசினார்.

சென்ற இலையுதிர்காலத்தில், சிகிச்சையால் களைத்திருந்த நிலையிலும், என்னை அந்தக் கரைக்கு அழைத்துப் போனார். தக்கை அமிழ்ந்தது. மீனைத் தொடுமுன் கையைத் தண்ணீரில் நனைத்தார்.

"ஏன் அக்கா?"

"காஞ்ச கை அதுக்குச் சுடும்."

கொக்கியைக் கழற்றி, மீனை உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீருக்குள் தாழ்த்தினார். அது சற்று நின்றது, பிறகு வாலை அசைத்துப் போய்விட்டது. அவருடைய கை நீருக்குள் விரிந்தபடியே வெகுநேரம் இருந்தது.

ஆறுதலாகப் போய் வாருங்கள், அக்கா.