கல்லுக்குச் செலவில்லை

மாதையன் அண்ணன் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரைதான். ஆனால் கணக்கில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இவர் ஏர் ஓட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தவர். மாட்டை அதட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கொத்தன் கூலி, கூரை ஓட்டு விலை என்று முணுமுணுப்பது வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குக் கேட்கும்.

அவர் நிலமும் என் நிலமும் ஒரே வரப்பில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. கடத்தூருக்குக் கிழக்கே, மேட்டுக் காடு. மழை பெய்தால் கடலையும் ராகியும் வரும், ஏமாற்றினால் கொள்ளு வரும். எந்த வருஷமும் தப்பாமல் விளைவது கல் ஒன்றுதான். நாங்கள் கிறிஸ்துவர்கள், அவர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனால் ஒரே மண்ணில் கல் பொறுக்குகிறவர்களுக்குள் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி தங்கம்மாள் எனக்கு அண்ணி. அந்த அண்ணிக்கு நான் சவரிராயன் தம்பி.

ஊருக்குள் அவர்கள் வீடு அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுவானது. மூன்று குடும்பத்துக்கும் அடுப்பு ஒன்று. மூத்தவர் மனைவி சமைத்து இறக்கிய பிறகு சின்னவர் மனைவி வைப்பாள். அவள் மூத்தவளுக்குச் சொந்தத் தங்கை, அதனால் அவளுக்கு இரண்டாவது இடம். நடுவர் மனைவியானாலும் தங்கம்மாள் அண்ணிக்குக் கடைசி. காட்டில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து, விறகுக் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவள் களி கிண்டி இறக்குவதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். எழுப்பி எழுப்பி ஊட்டுவாள். யாரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. ஆனாலும் அது ஒரு பிழைப்பா?

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனி அடுப்பு.

தருமபுரி தனி மாவட்டமான மறு வருஷம் அண்ணன் காட்டிலேயே வீடு கட்டுவதென்று முடிவு செய்தார். புளிய மரத்துக்குப் பக்கத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு இழுத்து, சுண்ணாம்பால் கோடு போட்டார். முன்னால் கூடம், ஒரு உள்ளறை, தவச தானியம் கொட்ட ஒரு அறை, அக்னி மூலையில் பத்துக்கு எட்டில் அடுப்படி. என்னைக் கூப்பிட்டுக் கோட்டுக்குள் நிறுத்தி விரலை மடக்க ஆரம்பித்தார்.

"கடலை வித்த காசு ஓட்டுக்கு. புளி வித்த காசு கொத்தனுக்கு. சட்டத்துக்குப் பனை நம்ம வரப்புல நிக்குது. செவுத்துக்கு மண்ணு நம்ம மண்ணு. கல்லுக்கு செலவே இல்ல, காடு பூரா கெடக்குது. எவங்கிட்டயும் அஞ்சு காசு கடன் வாங்காம கட்டறனா இல்லையா பாரு."

கடன் என்றால் அவருக்கு உடம்பு நடுங்கும். அவர் அப்பா வாங்கிய கடனுக்குத்தான் கிணறு இருந்த பாதி நிலம் போயிற்று. அதை நினைத்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அண்ணி அதைவிடச் சுருக்கமாக ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"ஏங்க, சிறுகக் கட்டிப் பெருக வாழுன்னு சொல்லுவாங்க. இந்த அடுப்படிய மட்டும் முதல்ல கட்டிக் குடுங்க. மேல மஞ்சம்புல்லு போட்டுக்கலாம். படுக்கறதுக்கு ஊரு வூட்டுக்கே போயிக்கலாம்."

"அரைகுறையா நின்னா ஊரு சிரிக்கும் தங்கம். கட்டுனா முழுசாக் கட்டணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்கள் தம்பி என்கிற பார்வை. நானும் சொன்னேன். அவர் இன்னொரு தடவை விரலை மடக்கிக் காட்டினார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருஷம் கடலை விலை விழுந்தது. ஒரு வருஷம் உழவு மாடு செத்து ஓட்டுக் காசு மாட்டுக்குப் போயிற்று. அண்ணன் சும்மா கிடக்கிற நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. கூடத்தில் ராகி விதைத்தார், உள்ளறையில் கொள்ளு. அடுப்படியில் மட்டும் அண்ணி விதைக்க விடவில்லை. அந்தப் பத்துக்கு எட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாணி தெளித்து வைத்திருந்தாள். மூன்று கல்லைக் கூட்டி, அறுப்பு நாட்களில் மதியச் சோறு அங்கேதான் ஆக்குவாள். மேலே ஆகாசம், சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. அடுப்பு மட்டும் அவளுடையது.

ஒரு நாள் நெருப்புக் கேட்டு அந்தப் பக்கமாக நேரே நடந்து போனேன். அகப்பையை நீட்டி என்னை நிறுத்திவிட்டாள்.

"செவுத்துல வர்றீங்களே தம்பி. வாசல் அங்க இருக்குது."

திரும்பிப் போய், இரண்டு முளைக்குச்சிக்கு நடுவில் நுழைந்து வந்தேன். குனிந்துகூட வந்தேன், நிலைப்படி தலையில் இடித்துவிடக் கூடாதே என்று. அண்ணி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, பின்னாலேயே வந்த என் மனைவி இன்னாசியம்மாளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு உருண்டை களியும் கீரையும் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் வாசல் வழியாகத்தான் போவேன். அண்ணன்தான் கடைசிவரை சுவரில் புகுந்து போய்க்கொண்டிருந்தார்.

கல் பொறுக்குவது அவளுடைய பொறுப்பாக ஆகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, தானாகவே எடுத்துக்கொண்டாள். களை எடுத்துவிட்டுத் திரும்பும்போது தலையில் சும்மாடு வைத்து ஒரு கல். மாட்டை அவிழ்க்க வரும்போது இடுப்பில் ஒரு கல். எல்லாவற்றையும் வீட்டுக் கோட்டுக்கு மேற்கே குவித்து வந்தாள். வெறுங்கையோடு அந்தக் குவியலைத் தாண்டமாட்டாள். வருஷத்துக்கு வருஷம் அது ஏறிக்கொண்டே வந்து என் தோள் உயரத்துக்கு நின்றது.

"மலையவே வூட்டுக்குக் கொண்டாந்துருவீங்களாட்டம் இருக்குதே அண்ணி" என்று ஒரு தடவை கேலி செய்தேன்.

"உங்கண்ணன் கணக்குல கல்லுக்குத்தான் காசில்லையே தம்பி. என்னால ஆவறது இதுதான்" என்றாள்.

எழுபத்திரண்டில் மழை நன்றாகப் பெய்தது. கடலை வண்டி வண்டியாகப் போயிற்று. பனையை வெட்டிச் சட்டம் அறுத்து ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டார். அரூரில் ஓட்டுக்கு விலை பேசினார். தை மாதம் நாள் குறித்தாயிற்று. அஸ்திவாரம் தோண்ட தர்மன், குப்புராஜ் என்று இரண்டு ஆட்களிடம் சொல்லிவைத்தார். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு அவர் விரல் எல்லாம் ஒழுங்காக மடங்கிற்று. சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அது அவர் கணக்கில் வராத செலவு.

அந்தக் கார்த்திகையிலேயே அண்ணி பாதி ஆளாகியிருந்தாள். கல்லை இறக்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குவியல்மேல் சாய்ந்திருந்ததை இன்னாசியம்மாள் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "வயித்துல பூச்சிதான், வேப்பங்கொழுந்து தின்னாப் போயிரும்" என்று பதில். அண்ணனிடமும் அதேதான். அவரும் நம்பினார். நம்புவதற்குச் செலவில்லையே.

மார்கழிக் கடைசியில் களத்து மேட்டில் சுருண்டு விழுந்தாள். கட்டை வண்டியில் கடத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன். வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேலாக வலி இருந்திருக்குமே, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சேலம் கொண்டுபோனால் ஏதாவது செய்ய முடியுமா என்று அண்ணன் கேட்டதற்கு, அவர் அண்ணியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் கேட்டார். "ஏன் தங்கம் சொல்லல?"

"சொன்னா ஓட்டுக் காசு ஆஸ்பத்திரிக்குப் போயிருமுங்க." அவளுக்கு மூச்சு வாங்கிற்று. "ஓடு போட்டு முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தன்."

அவர் வாங்கி வைத்திருந்த ஆரஞ்சைப் பிரித்து ஒவ்வொரு சுளையாக விதை எடுத்து அவள் வாயில் வைத்தார். அவளால் விழுங்க முடியவில்லை. எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. வீடு வீடு என்று கணக்குப் போட்டவர் இவர். அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு தன் உயிர் செலவுப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டவள் அவள். யாரை வைவது?

பொங்கலுக்கு மறுநாள் போய்விட்டாள்.

அவர்கள் சனத்தில் செத்தவர்களைச் சொந்த நிலத்தில்தான் புதைப்பார்கள். புளிய மரத்துக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஓரத்தில் குழி எடுத்தார்கள். எடுத்தது தர்மனும் குப்புராஜும். அஸ்திவாரத்துக்கென்று தீட்டி வைத்திருந்த கடப்பாரைதான். அவர்களும் பாவம், தலை நிமிரவே இல்லை.

எங்கள் காட்டில் நரி அதிகம். மண்ணை மட்டும் மூடிவிட்டு வந்தால் ராத்திரியே தோண்டிவிடும். அதனால் மேலே கல் பரப்பிக் குவிப்பது வழக்கம். சுற்றிலும் பார்த்தார்கள். காட்டில் கல் இல்லை. அவள்தான் ஒரு கல் விடாமல் பொறுக்கிவிட்டாளே. இருந்ததெல்லாம் அந்தக் குவியல்தான். யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் அதிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார். மாதையன் அண்ணனுக்கு மூத்தவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"அது வூட்டுக் கல்லுப்பா. வெய்யி கீழ. வேற எங்கயாச்சும் பாப்போம்."

மாதையன் அண்ணன் குழிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எடுங்க. அவ சொமந்ததுதான்."

எல்லோரும் எடுத்தோம். சனங்கள் கூடத்தையும் உள்ளறையையும் மிதித்துக்கொண்டு, சுவர் சுவராகப் புகுந்து கல் கொண்டுபோனார்கள். நான் ஒவ்வொரு நடையும் அந்த இரண்டு முளைக்குச்சிக்கு நடுவில் நுழைந்துதான் போனேன். பைத்தியக்காரத்தனம்தான். இரண்டு நடைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன். அண்ணன் எழுந்து வந்து, ஒரு கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் அந்த வாசலில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்.

அதோடு அவர் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டார். பனஞ்சட்டம் ஏரியிலேயே கிடந்து சேற்றில் புதைந்தது. ஓட்டுக் காசு மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிற்று. ஊருக்குள் இருந்த வீட்டில் அண்ணன் தம்பி மனைவிமார் போடுவதைக் கடைசி ஆளாக உட்கார்ந்து தின்றுவிட்டு வருவார். உழும்போது முணுமுணுப்புக் கேட்காது. வரப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியாது. வேண்டுமென்றே அவரிடம் சண்டை இழுப்பேன். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டே போய்விடுவார்.

எழுபத்தெட்டில் அவர் மகன் அர்ச்சுனனுக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. பெண் பார்த்தாயிற்று. வருகிற பெண்ணுக்குத் தனி அடுப்பு வேண்டும் என்று அவன்தான் சொன்னான். அம்மா விறகுக் கட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. முதலில் அடுப்படியைக் கட்டிவிடலாம், மற்றதெல்லாம் பிறகு என்று மட்டும் சொன்னார். பத்துக்கு எட்டு.

அரூரிலிருந்து மேஸ்திரி வந்தார். ஊருக்குப் புது ஆள். முளைக்குச்சியெல்லாம் எப்போதோ போய்விட்டது. அண்ணன் நடந்து காட்டிய இடத்தில் மேஸ்திரி கயிறு பிடித்தார். பிறகு ஒரு கல்மேல் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் செலவு எழுத ஆரம்பித்தார். மண், சட்டம், ஓடு, கூலி. எழுதிக்கொண்டே நிமிர்ந்து புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கொடி படர்ந்து, கல் குவிந்து கிடந்தது. அவருக்கு என்ன தெரியும்?

"கல்லு அங்கயே நெறைய கெடக்குதுங்களே. அஸ்திவாரக் கடக்காலுக்கு அதுவே போதும். கல்லுக்கு செலவில்லைன்னு போட்டுக்கறன்."

அர்ச்சுனன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். மேஸ்திரிக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மலையடியில இருந்து வண்டி வச்சு எறக்கிக்கலாங்க. கல்லுக்கு என்ன ஆவுமோ அத எழுதுங்க மேஸ்திரி" என்றார். "போன தடவ நான் எழுதாம வுட்டுட்டன்."