முந்தானைக்குள் மழைவானம்

கடலை ஒட்டிய கழிக்கரையில் நின்று முந்தானையைத் தலைமேல் இழுத்து, முகத்தையும் செல்போனையும் சேர்த்து மூடிக்கொண்டால்தான் எனக்குத் திரையில் படம் தெரியும். மழை மூட்டம் போட்ட நாளில் வெயில் இல்லாவிட்டாலும் வானம் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம் இருக்கும். அது திரைமேல் விழுந்தால் என் மூஞ்சிதான் அதில் தெரியும், கழி தெரியாது. அதனால் மூடிக்கொள்வேன். இன்னொரு வசதியும் உண்டு. போகிறவர் வருகிறவர் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்வதென்றால் எனக்குக் கூச்சம்.

ஆனால் வயதான பொம்பளை ஒருத்தி தண்ணீர் ஓரம் முகத்தை மூடிக்கொண்டு நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புதுப்பட்டினத்தில் மீன் எடுத்து ஸ்கூட்டரில் ஊர் ஊராக விற்கிற பெண் ஒருத்தி, முதல் தடவை என்னைப் பார்த்ததும் வண்டியை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"பெரிம்மா, இன்னா ஆச்சு? வூட்ல யார்னா பூட்டாங்களா?"

நான் முந்தானையை விலக்கி, "இல்லம்மா, போட்டோ புடிக்கிறேன்" என்றேன்.

"போட்டோவா? நான் இன்னாமோ ஏதோன்னு மீன அப்படியே போட்டுட்டு ஓடியாரேன், காக்கா தூக்கினு பூடப் போவுது. இங்க இன்னா கீது புடிக்க? வெறும் தண்ணி."

கொஞ்சம் தள்ளி மொபெட்டில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "நானும் அதத்தாம்மா கேட்டுகினு கீறேன்" என்றார்.

"நீ இங்கதான் குந்திகினு கீறியா பெரிப்பா? நல்லவேள. நீதான் பூட்டியோன்னு நெனச்சேன்."

அவர் அன்று ராத்திரி சோறு தின்னும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு வலது கண் கிடையாது. கண்ணில் அழுத்தம் ஏறுகிற வியாதி. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கும்போது இடது கண்ணில் தூசி விழுந்து கசக்கினேன். அப்போதுதான் மறு கண்ணில் பார்வையே இல்லை என்று தெரிந்தது. எத்தனை நாளாக இல்லை என்று யாருக்குத் தெரியும்? செங்கல்பட்டில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, போன கண் போனதுதான், இருக்கிற கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தினமும் போடச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். இந்த வியாதியில் பார்வை ஓரத்திலிருந்துதான் குறையும், பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து, குறைவது உங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கே தெரியாமல் போகிற ஒன்றை நான் எப்படிக் காவல் காப்பது?

செங்கல்பட்டில் இருக்கிற என் மகள் புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தாள். ஐந்தாவதோடு நின்றவள் நான், அதில் எழுத்தெல்லாம் தேடித் தட்ட வராது. போட்டோ மட்டும் வந்தது. கலரில் எடுத்தால் மழை நாள் செத்துக் கிடக்கும். சேற்று நிறத்தில் தண்ணீர், சாம்பல் நிறத்தில் வானம், நடுவில் யாரோ வீசிய நீலக் கேன் மட்டும் கண்ணைப் பிடுங்கும். மகளிடம் சொல்லிக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டேன். கேன் அடங்கிப்போயிற்று. மேகத்துக்கு எடை வந்தது.

முதலில் தண்ணீரும் வானமும் சரிபாதியாக எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டைத் துடைத்து வைத்தமாதிரி இருக்கும். பிறகு எனக்கே பிடிபட்டது. வானத்தில் சங்கதி இருந்தால் தண்ணீரைக் கீழே ஒரு கோடாகக் குறைத்துவிட வேண்டும். வானம் வெறுமையாக இருந்தால் சேற்றுக்கு இடம் கொடுக்க வேண்டும். வலை கட்டுகிற கம்பை நடுவில் வைக்கக்கூடாது. காற்று அடங்குகிறவரை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் நிழல் நிற்காது. ஐப்பசி கார்த்திகையில் மேகம் கடல் பக்கத்திலிருந்து வரும். எதிரே கிழக்கு முழுக்கக் கறுத்திருக்கும்போது, நம் முதுகுக்குப் பின்னால் சாயங்கால வெயில் எங்காவது ஓட்டையில் எட்டிப் பார்த்தால், அக்கரை மணல்திட்டும் சவுக்கு வரிசையும் அப்படியே வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும். ஒரு மூச்சு விடுகிற நேரம். முக்கால்வாசி நாள் அது வராது. மழைதான் வரும்.

பொத்தானைத் தொடுவதற்கு முன் நாலு மூலையையும் பார்த்துவிடுவேன். கோலம் போட்டு முடித்து எழுந்து நின்று பார்ப்போமே, அந்த மாதிரி. மூலையில் ஒரு குச்சி நீட்டினால்கூடத் தள்ளி நின்றுகொள்வேன். படம் சுத்தமாக வரத்தான் அப்படிப் பார்க்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையை முகத்துக்கு நெருக்கிப் பிடித்து, நாலு மூலையும் தெரிந்தால் இடது கண் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று கணக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அந்த வெயில் வந்தது. அதற்கு முன் ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. போன் நனையாமல் இருக்க அவர் பக்கத்தில் குடையோடு நின்றார்.

"இன்னாமே, முடிச்சியா? கால்ல நத்த ஏறுது."

"கொஞ்சம் இருங்க. காத்து நிக்கட்டும்."

"காத்து உன்னக் கேட்டுகினுதான் நிக்கும்."

காற்று நின்றது. முதுகில் சூடு பட்டது. அக்கரை வெளுத்தது. தண்ணீரைக் கீழே ஒரு கோடாக வைத்து, வலைக் கம்பை இடது ஓரத்துக்குத் தள்ளி, நாலு மூலையும் பார்த்தேன். எல்லா மூலையிலும் மேகம். தொட்டேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று எனக்கே தெரிந்தது. வண்டியில் வரும் வழியெல்லாம் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன். அந்த வயதில் அது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

படத்தை வழக்கம்போல மகளுக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையில் அவள் போன் செய்தாள்.

"அம்மா, படம் சூப்பரா கீதும்மா. மாட்டியே வெக்கலாம். அந்தக் கொடைய மட்டும் வெட்டிடறேன்."

"எந்தக் கொட?"

"நைனா கொடதான். வலது பக்கம் மேல, அவ்ளோ பெருசா கீதே. நீ பாக்கலியா?"

படத்தைத் திறந்தேன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், மேகம்தான் இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் மூக்குப் பக்க மூலையில் அது வந்தது. குடைக் கம்பி ஒன்று, கிழிந்து தொங்கும் துணி, பிடித்திருக்கும் அவர் விரல்கள். அந்த இடம் எனக்குக் காலியாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அங்கே மேகம் இருந்தது. நான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"கறுப்புக் கொட, கறுப்பு மேகம். எனக்கே தெரியாது. இதுக்குப் போயி..."

"வெரலுமா கறுப்பு?"

"வெயில்ல காஞ்ச வெரலு. பின்ன எப்படி இருக்கும்?"

படத்தில் அவர் விரல்கள் வெள்ளைவெளேர் என்று இருந்தன.

செங்கல்பட்டுக்குப் போனோம். அங்கே ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். போன தடவை செய்த அதே பரீட்சைதான். நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் புள்ளிகள் வந்தன, அழுத்தினேன். பிறகு வரவில்லை. கருவி மட்டும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்து, "நின்னுபோச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல பாட்டி, ஓடிக்கினுதான் இருக்குது. தெரியும்போது மட்டும் அழுத்துங்க" என்றாள் அங்கே இருந்த பெண். நல்ல பெண். குரலை வேண்டுமென்றே மெதுவாக வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். "நான்தாங்க போடறேன், ஒரு வேள தவறினதில்ல" என்று என் வீட்டுக்காரர் திட்டு வாங்குகிற பையன் மாதிரி எழுந்து நின்று சொன்னார். டாக்டரம்மா இன்னொரு மருந்தும் எழுதிக்கொடுத்தார். சிலருக்கு மருந்து போட்டும் குறையும் என்றார். தெரியாத இடத்தைப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டு மூளையே நிரப்பிக் காட்டும் என்றும் சொன்னார். இனி எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மொபெட்டை எடுத்ததும், அவர் கேட்காமலே கழிப் பக்கம் திருப்பினார். கிழக்கு கறுத்திருந்தது. தூறல்.

"எடுமே. நல்லா கீது இன்னைக்கு" என்றார். குடையைப் பிரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். "நான் எங்க நிக்கட்டும்?"

"எங்க நின்னாலும் எனக்கு ஒண்ணுதாங்க."

அவர் தள்ளிப் போய் வண்டிக்குப் பின்னால் நின்றார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளே வெளிச்சமாகத் திரை இருந்தது. நடுவில் தண்ணீர், சவுக்கு, அதற்கு மேல் மேகம். மேல் வலது மூலையிலும் மேகம் தெரிந்தது. இனி அதை நம்ப முடியாது. போனைப் பிடித்தபடியே நின்றேன். தோள் குலுங்குவது வெளியே தெரியும் என்று எனக்குத் தெரியும். நிறுத்த முடியவில்லை.

ரோட்டில் ஸ்கூட்டர் சத்தம் வந்து மெதுவானது. நிற்கவில்லை. ஊருக்கு நான் பழகிப்போய்விட்டேன்.

"நல்லா புடி பெரிம்மா!" என்று கத்திவிட்டு மீன்காரப் பெண் போய்விட்டாள்.