சூளையில் செகண்ட் ஷிப்ட்

ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல் தேய்ப்பது பகலவனின் வேலை. கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீடு. அன்றைக்குத் தோசையைத் தீய்ப்பதும் அவன்தான், கல்லைத் தேய்ப்பதும் அவன்தான். மனைவி எழிலரசி நல்ல சேலை கட்டிப் பையோடு வந்து நின்றதைப் பார்த்து, நுரைக் கையோடு திரும்பினான்.

“இன்னா, எங்க கெளம்பிட்ட?”

“ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கூட்டம். சரித்திரக் கதை எழுதுறவங்க கூடுறாங்களாம். லைப்ரரில ஒட்டியிருந்தாங்க.”

“நீ பஸ்ல குந்திகினு எழுதுறியே, அதுவா? அதுல ராஜா யாரு?”

“ராஜா இல்ல. செங்கல் சூளைல வேலை செய்ற பொம்பளைங்க.”

“ராஜாவே இல்லாத ராஜா கதை. நல்லாத்தான் கீது.”

அவன் கேலியில் விஷம் கிடையாது. அவளும் சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினாள். ஆனால் அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இன்றைக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவது. சிரித்தார்களானால், மூன்று வருடமாக எழுதிய நான்கு நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவது.

எழிலரசிக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன். ரப்பர் வளையங்களை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒருமுறை பிறந்த வீட்டுக்கு, வடக்குப்பட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து மனையில் கடைக்கால் தோண்டியவர்கள் ஒரு பழைய செங்கல்லை வெளியே போட்டிருந்தார்கள். ஓரத்தில் மூன்று விரல் அழுந்திய தடம். ‘நானாயிருந்தால் இதை சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன், எவள் இதை பாஸ் பண்ணினாள்?’ என்று தோன்றியது. கதை அங்கே பிடித்ததுதான்.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். நடத்துகிறவர் பரசுராமன், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இல்லாத பொருள் எதையாவது எழுதி மாட்டிக்கொண்டால், அன்றைய டீ டம்ளர் மொத்தத்தையும் அவர்தான் கழுவ வேண்டும்.

“போன மாசம் நான்தான் கழுவுனேன். சோழ ராஜாவுக்கு வேர்க்கடலை குடுத்துட்டேன்” என்றாள் பக்கத்தில் இருந்த சுந்தராம்பாள். ஆஸ்பத்திரி நர்ஸ்.

எழிலரசியின் முறை வந்தது. பஸ்ஸில் எழுதியதால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எழுத்து துள்ளியிருந்தது. பஸ் பென்னலூரைத் தாண்டும்போது எழுதிய வரியில் அவளே தடுமாறினாள். சமாளித்துத் தொடர்ந்தாள். “இரண்டரை மணிக்குச் சங்கு ஊதியது. சூளையை விட்டுப் பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள்—”

“மேடம்,” என்றார் பரசுராமன், “பல்லவர் காலத்துல செகண்ட் ஷிப்டா?”

மாடியே சிரித்தது. ஒருவர் “ஓ.டி. உண்டாங்க?” என்றார்.

பதினோரு வருடமாக ஆலையில் அந்த இரண்டரை மணிச் சங்குக்குத்தான் அவள் கால் தானாக எழுந்திருக்கிறது. எழுதும்போது ஒருமுறைகூட உறுத்தவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு டம்ளர்களைப் பொறுக்கினாள்.

குழாயடியில் சுந்தராம்பாள் வந்து பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கிக் கவிழ்த்தாள். “வெளிய வந்தவங்க இன்னா பண்ணாங்க? அதைச் சொல்ல வுடலியே நாங்க.”

“உள்ள போறவளாண்ட சொல்லிட்டுப் போறாங்க. மேலண்டை வரிசை இன்னும் ஈரம், விறகு தள்ளாத. மூணாவது வாய்ல புகை கறுப்பா வருது, பாத்துக்கோ. இவ வர்ற வரைக்கும் அவ போக மாட்டா. நெருப்பை வுட்டுட்டு எப்டிப் போறது?”

“எங்க வார்டுலயும் அப்டித்தான். அடுத்தவ வந்து கேட்டுக்கினாத்தான் நான் எந்திரிக்கலாம்” என்றாள் சுந்தராம்பாள்.

பின்னால் பேச்சு நின்றிருந்தது. பரசுராமன் காலி டம்ளரோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, சங்கைத் தூக்கிடுங்க. அந்தப் பேச்சுல கை வைக்காதீங்க” என்றார். “என் நாவல்ல முந்நூறு வீரன் இருக்கான். ஒருத்தன்கூட வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதில்ல. எனக்குத் தோணவே இல்ல.” டம்ளரைத் தானே கழுவி வைத்தார். “உள்ள வாங்க. மீதியப் படிங்க.”

உள்ளே மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். இரண்டும் அவள் சிரிப்பார்கள் என்று நினைத்து எழுதிய இடம். கிளம்பும்போது சுந்தராம்பாள் நம்பர் வாங்கிக்கொண்டாள். ஓ.டி. கேட்டவர், பழைய செங்கல் அளவுகள் தன்னிடம் குறிப்பாக இருப்பதாகவும் அடுத்த மாதம் கொண்டுவருவதாகவும் சொன்னார். வேலைக்கு வெளியே, தன்னைப் பெயர் சொல்லி ‘அடுத்த மாதம்’ என்று யாராவது சொல்லி எத்தனை நாளாயிற்று என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். ‘இரண்டரை மணிக்குச் சங்கு ஊதியது’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சூளையின் நிழல் வேப்பமரத்தைத் தொட்டது என்று எழுதினாள்.

பகலவன் டீயோடு வந்தான். “இன்னா சொன்னாங்க? சிரிச்சாங்களா?”

பேனா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். டம்ளரை அவள் கை பட்டுச் சாயாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, டி.வி. சத்தத்தைக் குறைக்கக் கூடத்துக்குப் போனான்.