அண்ணியின் கையில் தேமல்

அந்த ஆனி மாதத்தில்தான் அண்ணி முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தார். ஊதா நிறம், மணிக்கட்டு வரை நீளம். கருக்களாச்சேரியில் கடலைப் பார்த்த வீட்டுக்குள்ளேயே வேர்த்துக் கொட்டுகிற மாதம் அது. காலையில் மீன் கூடையோடு கோவில்பத்துக்குப் போய்த் தெருத்தெருவாக விற்று வருகிறவருக்குக் கொஞ்சமும் ஒத்துவராத உடுப்பு. கேட்டால், "வெயில்ல கை கறுத்துப்போவுது பாப்பா" என்றார். நிறத்தைப் பற்றி அண்ணி ஒருநாளும் கவலைப்பட்டவரல்ல. வெயிலையும் உப்புத் தண்ணீரையும் தாண்டி வந்த கை அது.

பிறகு வேறு சிலவும் கண்ணில் பட்டன. சாப்பிடத் தனித் தட்டு வைத்துக்கொண்டார். துண்டைத் தனிக் கொடியில் காயப்போட்டார். அண்ணன் ஆழ்கடலுக்குப் போயிருந்த நாட்கள் என்பதால் இதையெல்லாம் கேட்க வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. வியாபாரத்துக்குப் போவதையும் நிறுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த அண்ணியின் மகன் தத்தித் தத்தி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லி அழுதான். அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அத்தைகிட்ட போ சாமி, அத்தைகிட்ட போ" என்று கெஞ்சினார். பிள்ளை அழ அழ அவரும் அழுதார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "என்ன அண்ணி இது?" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். தோளிலிருந்து முழங்கை வரை வெளிறிய வட்டங்கள். சில தனித்தனியாக, சில ஒன்றோடொன்று கலந்து. விரலால் தேய்த்தால் மாவு போல லேசாகச் செதில் உதிர்ந்தது. கழுத்துக்குப் பின்னாலும் இருந்தது. கோவில்பத்தில் வாடிக்கையாக மீன் வாங்கும் ஓர் அம்மா, கூடையை இறக்கும்போது அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கி, "இது குஷ்டமா இருக்கப்போவுது, இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றிருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு, வெயிலில் நின்று, தோல் வெந்து எரிந்ததுதான் மிச்சம். "எனக்கு வந்தது வந்துட்டு பாப்பா. புள்ளைக்கு ஒட்டிடக் கூடாது. அண்ணன் கரைக்கு வந்ததும் நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுறேன்" என்றார். எவ்வளவு நாளாக இந்த முடிவை மனதுக்குள் வைத்திருந்தாரோ, அழுகை நின்று நிதானமாகவே சொன்னார்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் டவுனில் தோல் மருத்துவரிடம் போனேன். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பஞ்சை நூலாகத் திரித்து, "கண்ண மூடிக்கங்க. தொடுறப்ப சொல்லுங்க" என்றார். வட்டங்களின் நடுவில் அந்தப் பஞ்சு பட்ட ஒவ்வொரு தடவையும் அண்ணி, "தெரியுது... தெரியுது" என்றார். குஷ்டமென்றால் அந்த இடத்தில் தொட்டால் தெரியாது என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு செதிலைச் சுரண்டி உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தேமல்மா. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அண்ணி நம்பவில்லை. "அப்ப புள்ளையத் தூக்கலாங்களா?"

"ஏன், இத்தன நாளா தூக்கலியா?" என்று கேட்ட மருத்துவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார். "தாராளமா தூக்குங்க. இது எல்லார் தோல்லயும் இருக்குற பூஞ்சைதான். வேர்வையும் புழுக்கமும் கூடுனா அதிகமாயிடும். நீங்க சுத்தமா இல்லாததால வந்ததில்ல, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது. இன்னொண்ணும் சொல்றேன். நீங்க பயந்த நோயாவே இருந்தாலும் மாத்திரையில குணமாயிடும். அதுக்காகப் புள்ளைய விட்டுட்டு யாரும் போக வேணாம்."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் ஓயும்வரை மருத்துவர் காத்திருந்துவிட்டு, தேய்த்துச் சற்று நேரம் ஊறவிட்டுக் கழுவும் மருந்து ஒன்றை எழுதித் தந்தார். வேர்த்த துணியோடு இருக்காமல் குளித்து மாற்ற வேண்டும், உடம்பை ஈரம் போகத் துடைக்க வேண்டும், தளர்வான பருத்தித் துணி உடுத்த வேண்டும், எலுமிச்சையோ பிறர் சொல்லும் களிம்போ கூடவே கூடாது என்றார். பூஞ்சை சீக்கிரம் போய்விடும், நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல், பக்கத்து வீட்டில் விட்டுப்போயிருந்த பிள்ளையை வாரி எடுத்தார். முகமெல்லாம் முத்தம். அவன் மூச்சுத் திணறி நெளிந்து, பிறகு சிரித்தான். அன்று முழுக்க அவனைக் கீழே விடவில்லை. கரைக்கு வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டு, "இதுக்காடி போறேன்ன?" என்று அதட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வட்டங்கள் மறையும்வரை அண்ணி காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே அரைக்கை ரவிக்கையோடு கோவில்பத்துக்குக் கிளம்பினார். எனக்கு மனசு கேட்காமல் கூடவே போனேன். நேரே அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்று, "டாக்டர்கிட்ட காட்டிட்டேங்க்கா, தேமல்தானாம். நெத்திலி இருக்கு, பாக்குறீங்களா?" என்றார். குரலில் துளி கோபமில்லை. அந்த அம்மா கிட்டே வந்து அண்ணியின் கையைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு முதுகுலயும் இதேமாதிரி இருக்கு. வரன் பாக்குற நேரம், யார்கிட்டயும் சொல்லல. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

அண்ணி கூடையை இறக்கி வைத்தார். "பொண்ணக் கூப்புடுங்க்கா, நானே அழைச்சிட்டுப் போறேன்."