ஹாரனுக்கு வராத நிர்மலா

என் அண்ணன் மயில்சாமியை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன். வேறு யாராவது திட்டினால் சும்மா விடமாட்டேன். அவருக்கு ஒரே தங்கச்சி இந்தப் பழனியம்மாள்தான், அந்த உரிமை எனக்கு மட்டும்தான். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் அவரைப் பேசக் கிளம்பிவிட வேண்டாம்.

அவிநாசிபாளையத்தில் எங்கள் தோட்டத்து ஓரமாகவே அண்ணன் ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகர ஷெட், பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின். திருப்பூரில் பெரிய கம்பெனிக்காரர்கள் துணியை வெட்டிக் கொடுப்பார்கள், இவர் தைத்துக் கொடுப்பார். ஆனால் அவர் தோரணையைப் பார்க்க வேண்டுமே! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். "ஓனருங்க" என்று யாராவது கூப்பிட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும். தொழில் தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். மீசை முளைக்கும் முன்பே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். ஓனர் ஆனதும் மெஷினைத் தொடுவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாருக்கும் வந்த கெட்ட காலம் அவருக்கும் வந்தது. வேலை கொடுத்த கம்பெனி தைத்த கூலியைத் தராமல் இழுத்தடித்து, கடைசியில் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. இது அண்ணன் செய்த தப்பு இல்லை. திருப்பூரில் இப்படி விழுந்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் செய்த தப்பு அதற்குப் பிறகு நடந்தது.

தீபாவளி போனஸ் எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. பிள்ளைகளின் துணிமணி, பட்டாசு, பலகாரம் எல்லாம் அதை நம்பித்தான். வேதக்காரர்கள் கிறிஸ்மஸ் செலவைக்கூட அதிலிருந்துதான் எடுத்து வைப்பார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் வாருங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, மத்தியானமே அண்ணன் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கணியூரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு போனையும் அணைத்துவிட்டார். "போனஸ் எல்லாம் போட்டாச்சா?" என்று கேட்ட பெண்டாட்டியிடம், "ஆச்சு ஆச்சு" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். இங்கே ஆட்கள் இருட்டும்வரை ஷெட் கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அண்ணன் பெண்டாட்டி பெயர் சித்ராதேவி. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். ஊர் திரும்பியதும் மளிகைக் கடையில் யாரோ நங்கையின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள். நானாக இருந்தால் அன்றைக்கே வீட்டை இரண்டாக்கியிருப்பேன். நங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. கடனுக்கு மெஷின்கள் போயின, கார் போயிற்று, வீடு இருந்த பாதித் தோட்டமும் போயிற்று. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்குக் குடிமாறினார்கள். முகம் தெரிந்தவர் யாரும் இருக்கக்கூடாது என்று அண்ணன் மங்கலம் பக்கம் ஒரு கம்பெனிக்கு டெய்லராகப் போனார். நங்கை இன்னொரு கம்பெனியில், தைத்து வரும் பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். தாலிக்கொடியைத் தவிர இருந்ததையெல்லாம் விற்று, போதாததைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நின்றுபோன போனஸை ஒவ்வொரு ஆளின் வீட்டுக்கும் தானே நடந்துபோய்க் கொடுத்தார். எல்லாம் கொடுத்து முடிக்க ஐந்து வருஷம் ஆனது. அண்ணன் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

போன மாதம்தான் கடைசிக் கடனும் தீர்ந்தது. நங்கை வேலை செய்யும் இடத்தில் மேனேஜருக்கு இவர்மேல் நல்ல மதிப்பு. "சொந்தமா நாலஞ்சு மெஷின் போடுங்கம்மா, குழந்தைங்க பனியன் தைக்கக் குடுக்கறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பழைய மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்தார்கள். திங்கட்கிழமை துணி வந்து இறங்கும், அன்றைக்கே தைக்க ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும். எல்லாம் தயார். தைக்க ஆள்தான் இல்லை.

இந்த ஊரில் டெய்லர்கள் தனித்தனியாக வரமாட்டார்கள். ஒரு செட்டாகத்தான் வருவார்கள். செட்டுக்குத் தலைபோல ஒருவர் இருப்பார், அவர் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த செட்டுக்கு அந்த ஒருவர் நிர்மலா. பனியனின் கையையும் கீழ்விளிம்பையும் மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினில் அவள் உட்கார்ந்தால் ஒரு தையல் கோணாது. அண்ணனின் பழைய ஷெட்டில் வேலை செய்தவள்தான். கேட்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் முன்னால் நின்றவளும் அவள்தான். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு.

நங்கை போய்க் கேட்டபோது நிர்மலா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நீங்க கூப்புட்டா இன்னைக்கே வருவேனுங்க. ஆனா அங்க அவரும் இருப்பாரில்லீங்களா? அன்னைக்கு என்னை நம்பித்தான் மத்தவிய அந்த இருட்டுல நின்னாங்க. பணத்த நீங்க குடுத்துட்டீங்க, சரி. அவரு ஒரு வார்த்த சொல்லலீங்க. எங்க ஊட்டுக்கு வந்து அவரே கூப்புடட்டும். நாங்க அஞ்சு பேரும் வர்றோம்."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் காலனிக்குள்ள போயிக் கூப்புடோணுமா? எங்கய்யன் காலத்துல இருந்து அவியதான் நம்ம தோட்டத்துக்கு வந்துட்டிருக்காங்க. ஏன், வடக்க இருந்து வந்த பசங்க ஆயிரம் பேரு இருக்கறாங்க."

"இருக்கறாங்க. நம்மள நம்பி எவிய வருவாங்க?" என்றார் நங்கை. "நிர்மலா வந்து உக்காந்தாத்தான் ஊருக்கு நம்பிக்க வருமுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினார். போனவர் என்ன செய்தார் தெரியுமா? காலனி முக்கில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஹாரன் அடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஆள் வேண்டுமென்றால் இவர் அப்படித்தான் செய்வார், அங்கிருந்து ஓடிவருவார்கள். இப்போதும் விடாமல் அடித்துப் பார்த்திருக்கிறார். யாரும் வரவில்லை. "அவளுக்குத் திமிரு" என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

பின்னாலேயே நங்கைக்கு நிர்மலாவின் போன் வந்தது. "அக்கா, ஹாரனுக்கு ஓடி வர்றதுக்கு நான் என்னங்க கம்பெனி வேனுக்கா நிக்கறேன்? வேற ஆளப் பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடினேன். அண்ணன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங்ணா, உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா? எல்லாம் போயி லைன் ஊட்டுல குந்தியிருக்கறீங்க, இன்னும் அந்த ஹாரன் மட்டும் போகலீங்களா?" என்று கத்தினேன். எங்கள் ஊரில் திட்டுவதையும் மரியாதையாகத்தான் திட்டுவோம்.

அவர் பேப்பரைத் திருப்பினார். நங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"உடு பழனி. ஷெட்டுக்காரருகிட்டச் சொல்லி அட்வான்ஸ திருப்பி வாங்கிக்கலாம். மெஷினையும் குடுத்தர்லாம். நான் செக்கிங்குக்கே போயிக்கறேன்." அதுவரை நிதானமாகத்தான் பேசினார். அண்ணனைப் பார்த்துத் திரும்பியதும் குரல் உடைந்துவிட்டது. "அஞ்சு வருசமா அத்தன ஊட்டு வாசல்லயும் நான் போயி நின்னேனுங்க. நீங்க செஞ்சதுக்கு. ஒரே ஒரு வாசல்ல ஒரு நாளைக்கு நீங்க நிக்கப்படாதுங்களா?"

நங்கை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார். வண்டிச் சாவியை எடுக்கவில்லை. "வா பழனி" என்றார். அவருக்குத் தனியாகப் போகப் பயம், அதுதான் உண்மை.

நடந்தே போனோம். நிர்மலாவும் அவள் புருஷன் ராபினும் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனார்கள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறோம், அந்த வீட்டுக்குள் நாங்கள் இருவரும் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது. நிர்மலா "வாங்க" என்று சொல்லி இரண்டு பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள். ராபின் அவசரமாகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

"இருங்க, கடையில கலரு வாங்கியாறேனுங்க."

தோட்டக்காரர்கள் யாராவது வந்துவிட்டால் அவர்கள் அப்படித்தான். தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தரமாட்டார்கள், நாங்கள் குடிக்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். கடையில் மூடி போட்ட கலர் சோடா பாட்டிலை வாங்கி வந்து கொடுப்பார்கள்.

"கலரு வேண்டாமுங்க" என்றார் அண்ணன். "தண்ணி இருந்தாக் குடுங்க."

ராபின் நிர்மலாவைப் பார்த்தார். அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் மிச்சத்தைக் குடித்தேன்.

"அன்னைக்கு எங்கிட்டப் பணமில்லீங்க," என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே. "அத உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு வக்கில்லாம ஓடிப்போயிட்டேன். தப்புங்க."

"இல்லைன்னு சொல்லியிருந்தா ஊட்டுக்குப் போயிருப்போமுங்ணா. நாங்க என்ன உங்களக் கடிச்சா தின்னிருப்போம்?" நிர்மலாவின் குரலில் கோபம் குறையவில்லை. "எம் புள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக் கடைக்காரருகிட்டச் சொல்லி வெச்சுட்டு வந்து அங்க நின்னேன். உள்ள வெளக்கு எரியுதான்னு ஷெட் கேட்டோட சந்து வழியா எட்டி எட்டிப் பாத்தேன்."

அண்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நாளைக்கு வர்றோமுங்க," என்றாள் நிர்மலா கடைசியில். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிப்போடறேன். சனிக்கெழம சம்பளத்த அக்கா கையிலதான் வாங்குவோம். உங்க கையில வாங்க மாட்டோம்."

அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"நானும் அவ கையிலதான் வாங்கப்போறேனுங்க. உங்களுக்குப் பின்னால நிக்கறேன்."