ஒரே படத்தில் இரண்டு வேட்பாளர்கள்

வெம்பிளியில் டீ குடிக்க ஒரு கடைக்குள் நுழைகிறேன். தொலைக்காட்சியில் அமெரிக்க விவாதம் ஓடுகிறது: வேட்பாளராவதற்கு ஒரே கட்சிக்குள் மோதிக்கொண்ட இருவர், அதிபராகவும் துணை அதிபராகவும் சேர்ந்து போட்டியிடலாமா?

"இங்கயும் அதுதான் கதை, அண்ணை" என்று சிரிக்கிறார் கடைக்காரர் வதனி. கவுன்சில் தேர்தலில் இந்த வட்டாரத்துக்கு இரண்டு இடங்கள். கட்சிக்குள் எதிரெதிராக நின்ற வதனியும் சிவமும் இரண்டுக்கும் கட்சியின் வேட்பாளர்களாகத் தேர்வாகியிருக்கிறார்கள். துண்டுப்பிரசுரத்துக்கு இன்று சேர்ந்து படம் எடுக்க வேண்டும்.

"சிவம் வருவாரா?" என்று கேட்கிறேன்.

"கடையில ரோல்ஸ் பொரிச்சு விக்கிறவளுக்கு என்ன அரசியல் எண்டு கேட்ட மனுசன். ஆனா தனித்தனியா நிண்டா ரெண்டு பேரும் தோப்பம்."

கதவு திறக்கிறது. கோட் அணிந்த சிவம் வதனியிடமிருந்து தள்ளியே நிற்கிறார். மூலையில் காத்திருந்த புகைப்படக்காரர், இருவரும் ஒரே படத்துக்குள் வரவில்லை என்று தலையை ஆட்டுகிறார்.

"கிட்ட வாங்கோ, சிவம் அண்ணை. சண்டையைக் கவுன்சிலுக்குள்ள போய்ப் பிடிப்பம்" என்கிறார் வதனி.

சிவம் சிரித்துவிடுகிறார். படம் எடுத்து முடிகிறது.

"வாக்குக் கேக்க எந்தத் தெருவில தொடங்குவம்?" என்று கேட்கிறார் வதனி.

"என்ர தெருவில. அங்கதான் உங்களுக்கு வாக்கு இல்லை. நான் கதவைத் தட்டுறன், நீங்கள் கதையுங்கோ."